மலை ஏறினால் மூச்சு வாங்கும் பெட்ரோல் டேங்க்

கோயம்புத்தூரில் சொல்லிச் செய்த டேங்க் அது. பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து குன்னூரில் வீட்டு வாசலில் இறக்கி வைத்துப் பார்த்தால், பட்டறையில் தட்டையாக இருந்த மேல் தகடு எண்ணெயில் போட்ட பூரி எழும்ப ஆரம்பிக்கிற மாதிரி நடுவில் புடைத்திருந்தது. வழியில் தூசி போகக் கூடாது என்று எல்லாத் துளைகளையும் ரப்பர் கட்டை வைத்து, மேலே டேப் சுற்றி அடைத்திருந்தோம். கூட வந்த தம்பி ஒரு கட்டையைப் பிடுங்கினான். புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது, தகடு டப்பென்று ஒரு சத்தத்தோடு பழையபடி உட்கார்ந்துகொண்டது. உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல்கூட இல்லை, வெறும் காற்றுதான்.

நானும் தம்பியும் வீட்டிலேயே ஒரு சின்ன காரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆல்டோவின் 796 சிசி எஞ்சின், குழாய்களை வெட்டி ஒட்டிய சேஸிஸ், இரண்டு சீட். இங்கிலாந்தில் 1957-லேயே லோட்டஸ் செவன் என்ற காரை உதிரி பாகங்களாக விற்று, வாங்கியவர்கள் வீட்டில் வைத்துப் பூட்டி ஓட்டியிருக்கிறார்கள், அந்த வழி வந்த ஆசைதான் எங்களுக்கும். பொதுச்சாலையில் ஓட்டப் பதிவு வாங்குவது தனி விஷயம், எங்கள் வண்டி தெரிந்தவரின் தேயிலைத் தோட்டத்துக்குள் மட்டும்தான் ஓடும். ஆனால் அந்தத் தோட்டத்துப் பாதையும் மலைப்பாதைதான், ஏற்றம் இறக்கம் வளைவு எல்லாம் உண்டு. டேங்க் என்றால் பெட்ரோல் ஒழுகாமல் பிடித்து வைக்கிற பெட்டி, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். அது காற்றோடும் சரிவோடும் மல்லுக்கட்டுகிற பெட்டி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஊட்டிக்குப் போகிற யாரும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்புவதைப் பார்த்திருப்பார்கள். பர்லியார் தாண்டும்போது காது அடைப்பதும் அதே காரணத்தால்தான். மேலே போகப் போக நமக்கு மேல் இருக்கிற காற்றின் எடை குறைகிறது. நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 மில்லிபார் அழுத்தம் குறையும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், குன்னூர் சுமார் 1850 மீட்டர். கோவையில் அடைத்த காற்று கோவையின் அழுத்தத்தோடு உள்ளே இருக்கிறது, வெளியிலோ 150 மில்லிபார் குறைந்துவிட்டது. குன்னூர்க் குளிரில் உள்ளே இருக்கிற காற்றும் கொஞ்சம் சுருங்கும் என்பதால் அதில் ஒரு பங்கு கழியும். கழித்தது போக 110 மில்லிபார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 110 கிராம் சொச்சம். கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் டேங்கின் மேல் தகடு 60-க்கு 40 சென்டிமீட்டர், 2400 சதுர சென்டிமீட்டர் பரப்பு. பெருக்கினால் 260 கிலோ வருகிறது. நான்கு பெரிய ஆட்கள் உள்ளேயிருந்து முதுகைக் கொடுத்து முட்டுகிற விசையை 1.2 மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு தாங்க வேண்டும்.

இறங்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. குன்னூரில் குடித்துவிட்டு இறுக மூடிய தண்ணீர் பாட்டில் மேட்டுப்பாளையத்தில் ஒடுங்கிக் கிடக்குமே, டேங்குக்கும் அதே கதிதான். அதோடு எஞ்சின் வேறு பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. போன பெட்ரோலின் இடத்துக்குக் காற்று வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறி, வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் திரும்ப ஓடும், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிற்கும். பழைய வண்டிகளில் இப்படி ஆனால் மெக்கானிக் முதலில் மூடியில் இருக்கிற ஊசித் துளையைத்தான் பார்ப்பார்.

அதனால் டேங்குக்கு மூச்சுக்குழாய் வேண்டும். பட்டறைகளில் பிரீதர் என்பார்கள். வெறுமனே ஒரு துளை போட்டால் வளைவில் பெட்ரோல் அது வழியாகச் சிந்தும், வண்டி கவிழ்ந்தால் கொட்டும். ஆகவே குழாயை டேங்கின் உச்சியில் ஆரம்பித்து, இன்னும் மேலே கொண்டுபோய், ஒரு வளையம் போட்டு, பிறகு கீழே இறக்கிச் சூடான சைலன்சரிலிருந்து தள்ளி வண்டிக்கு வெளியே விட வேண்டும். நடுவில் ஒரு சின்ன வால்வு, அதற்குள் ஒரு குண்டு. வண்டி நிமிர்ந்திருக்கும்போது குண்டு தன் எடையால் ஓரமாக உட்கார்ந்து காற்றை விடும், வண்டி கவிழ்ந்தால் அதே எடையால் உருண்டு வந்து வழியை அடைத்துக்கொள்ளும். ஸ்பிரிங்கோ மின்சாரமோ தேவையில்லாத இந்த வால்வு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தவழும், பள்ளத்தில் தேங்கும். அதனால் குழாயின் முனை ஒருபோதும் ஆள் உட்காருகிற பக்கம் இருக்கக் கூடாது. கம்பெனி கார்களில் இந்த ஆவியைக் கரித்தூள் டப்பா ஒன்று பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் எஞ்சினுக்கே ஊட்டிவிடுகிறது.

அந்தப் புடைப்பு வேறொரு வேலையும் செய்திருந்தது. ஓரத்து வெல்டிங்கில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். ஊரில் ஆர்கான் வெல்டிங் செய்கிற அண்ணனிடம் கொண்டுபோனேன். டேங்கைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, “பெட்ரோல் ஊத்தினதா, ஊத்தாததா?” ஊற்றியிருந்தால் தொட மாட்டாராம். அது சரியான பயம். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4-லிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். எங்கள் டேங்க் 36 லிட்டர். ஒரே ஒரு டீஸ்பூன் பெட்ரோல் அதற்குள் ஆவியானால் கணக்கு இரண்டரை சதவீதத்தைத் தொடும். முழுக்க நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை, காலி டேங்கில் இரண்டும் கலந்து தயாராக நிற்கிறது. பழைய டேங்கைக் கவிழ்த்துக் காயவைத்தோம், வாசனையே இல்லை என்று சொல்லி வெல்டிங் வைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், தயவுசெய்து வேண்டாம். மடிப்பிலும் துருவுக்கு அடியிலும் ஒளிந்திருக்கிற ஒரு டீஸ்பூன் போதும்.

விரிசலை அடைத்த பிறகு லீக் பார்க்கக் கம்ப்ரசரைப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது, 260 கிலோ கணக்கு ஞாபகம் இருக்கட்டும். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூபை எடுத்து, பாதி தண்ணீர் நிரப்பி, ‘ப’ மாதிரி தொங்கவிட்டு, ஒரு முனையை டேங்கில் சொருகினோம். இன்னொரு துளையில் சைக்கிள் பம்ப். இரண்டு மூன்று அடி அடித்ததுமே இரு பக்கத்துத் தண்ணீர் மட்டத்துக்கும் 30 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது, அது 30 மில்லிபாருக்குச் சமம். அங்கேயே நிறுத்திவிட்டுத் தையல் முழுக்கச் சோப்பு நுரை தடவினோம். அரை மணி நேரம் மட்டம் அசையவில்லை, நுரையில் ஒரு முட்டையும் கிளம்பவில்லை.

அடுத்தது சரிவு. தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவில் எட்டு மீட்டர் ஆரத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், உள்ளே இருக்கிற பெட்ரோலின் மேற்பரப்பு சுமார் 21 டிகிரி சாயும். எங்கள் டேங்க் 60 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர்தான் உயரம். அந்தச் சாய்வில் ஐந்து லிட்டர் பெட்ரோல் முழுவதும் வெளிப்பக்கம் 25 சென்டிமீட்டருக்குள் ஒதுங்கிவிடும், நடுவில் இருக்கிற உறிஞ்சுகுழாய் காய்ந்த தரையில் நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏழு லிட்டருக்குக் கீழே போனாலே இந்த வளைவில் இதுதான் நிலைமை. கார்புரேட்டர் வண்டியென்றால் அதன் சின்னக் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் சில விநாடி தாக்குப்பிடிக்கும். இன்ஜெக்ஷன் எஞ்சினில் பம்ப் ஒரு மிடறு காற்றை விழுங்கினாலே எஞ்சின் வெட்டும், அதுவும் ஏற்றத்தில் வளைவின் நடுவில். ஆகவே டேங்கின் அடியில் ஒரு லிட்டர் பிடிக்கிற குழி ஒன்றைத் தொங்கவிட்டு, உறிஞ்சுகுழாயை அதற்குள் இறக்கினோம். குழியைச் சுற்றி உள்பக்கமாக மட்டும் திறக்கிற சின்னக் கதவுகள். பெட்ரோல் உள்ளே வரும், ஒதுங்கி ஓடப் பார்த்தால் கதவு சாத்திக்கொள்ளும்.

குடத்தில் தண்ணீர் எடுத்து வருகிறவர்கள் தளும்பாமல் இருக்க மேலே இலையைப் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். டேங்குக்குள் வைக்கிற தடுப்புத் தகடுகளுக்கும் அதே வேலைதான், ஆனால் அவை செய்வது இன்னும் கொஞ்சம் நுட்பமானது. 60 சென்டிமீட்டர் அகலத்தில் பாதி நிறைந்த பெட்ரோல் ஒருமுறை அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது. ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்புகிற தாளத்துக்கு இது பக்கத்தில் வருவதால் ஊஞ்சலைத் தள்ளிவிடுகிற மாதிரி அலை ஏறிக்கொண்டே போகும். இரண்டு தகடு வைத்து மூன்று அறையாக்கினால் ஒவ்வோர் அறையிலும் அலை அரை விநாடிக்கு ஒருமுறை ஆடும், நம் தாளத்தோடு சேராமல் தானே அடங்கிவிடும். தகட்டின் கீழ் மூலைகளை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் அறைக்கு அறை போகாது. மேல் மூலைகளையும் வெட்ட வேண்டும், அது காற்றுக்கு. துளை பெரிதாகிவிட்டால் தகடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எவர்சில்வருக்குப் போனதற்குக் காரணம் எத்தனால். இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சை அரிக்கும், சாதாரண ரப்பர் ஹோஸை ஊதவைக்கும். நீலகிரியில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. பகல் வெயிலில் டேங்கின் காற்று விரிந்து வெளியேறும், ராத்திரி மூடுபனியை உள்ளே இழுத்துக்கொள்ளும், நிறுத்தி வைத்த வண்டிக்கும் இந்த மூச்சு நடந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீர் அளவுக்கு மீறினால் எத்தனாலோடு பிரிந்து அடியில், சரியாக உறிஞ்சுகுழாய் இருக்கிற இடத்தில், தங்கும். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கை ஏறக்குறைய நிரப்பி வைப்பது நல்லது, காற்றுக்கு இடம் குறையும். ஏறக்குறைய என்றுதான் சொல்கிறேன். குளிர்ந்த விடியற்காலையில் 30 லிட்டர் பிடித்துக்கொண்டு 25 டிகிரி கூடுதல் சூட்டுக்கு இறங்கினால் பெட்ரோல் முக்கால் லிட்டர் விரியும், அதற்கு மேலே இடம் விட்டாக வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. பின் அச்சுக்குப் பின்னால் வைத்தால் பின்னாலிருந்து மோதுகிற வண்டி முதலில் தொடுவது டேங்கைத்தான். அமெரிக்காவில் ஃபோர்டு பின்ட்டோவை 1978-ல் லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது இந்த விவகாரத்தில்தான். சீட்டுக்குப் பின்னால், அச்சுக்கு முன்னால், நடுவில் ஒரு இரும்புத் தடுப்புச் சுவரோடு வைத்தோம். 30 லிட்டர் என்பது 22 கிலோ, தீரத் தீர வண்டியின் நிதானம் மாறாமல் இருக்கவும் நடுப்பகுதிதான் நல்லது. சேஸிஸில் நேராகப் போல்ட் போடாமல் ரப்பர் வைத்த இரண்டு பட்டைகளால் கட்டினோம், ஏனென்றால் மேடு பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கும், அந்த முறுக்கு டேங்கின் வெல்டிங்குக்குப் போகக் கூடாது. நிரப்புகிற குழாய்க்கும் டேங்குக்கும் நடுவில் ரப்பர் இணைப்பு இருப்பதால் இரண்டையும் ஒரு வயரால் சேஸிஸோடு சேர்த்து எர்த் கொடுத்தோம், நிரப்பும்போது உண்டாகிற மின்னூட்டம் பொறியாகப் பாயாமல் இறங்கிப்போக.

போன ஞாயிற்றுக்கிழமை ஆறு லிட்டர் ஊற்றி அந்த வளைவில் பத்துத் தடவை ஏறி இறங்கினோம். எஞ்சின் ஒருமுறைகூட வெட்டவில்லை. வண்டியை வெயிலில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மூடியைத் திறந்தபோது புஸ் சத்தம் வருகிறதா என்று இரண்டு பேரும் காதைக் கொடுத்து நின்றோம், வரவில்லை. பெட்ரோல் அளவு காட்டுகிற மிதவையின் முள் மட்டும் ஏற்றத்தில் கால் டேங்க் என்றும் இறக்கத்தில் முக்கால் என்றும் ஆடுகிறது. அதைத் தம்பி டேங்கின் நடுவுக்கு மாற்றப்போகிறான்.