ஆற்றில் இறக்கும் முன் ஆக்சிலை ஆற விடுங்கள்

ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தண்ணீரில் இறக்குகிறவர்கள் பெரும்பாலும் ஏர் இன்டேக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் வண்டி நடு ஆற்றிலேயே நின்றுவிடும், கனெக்டிங் ராடும் வளையும். அந்தப் பயம் நியாயமானது. ஆக்சிலின் நடுவில் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலுக்குள் போன தண்ணீரோ உடனே எதையும் காட்டிக்கொடுக்காது. வண்டி கரையேறும், வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடும். பிறகு ஒருநாள் அடியிலிருந்து ஊளைச் சத்தம் கிளம்பும். அதற்குள் பேரிங்கில் குழி விழுந்து, அதன் பல்சக்கரங்களான கிரவுன் பினியனின் பற்கள் துருவேறித் தேய்ந்திருக்கும்.

தண்ணீரை உள்ளே இழுப்பது ஆழத்தைவிடச் சூடுதான். நெடுந்தூரம் ஓடி வந்த ஆக்சிலுக்குள் காற்று 80 டிகிரி செல்சியஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 25 டிகிரிக்கு ஆறும்போது 16 சதவீதம் சுருங்கப் பார்க்கும். ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங் இரும்பு, கூடவே சுருங்காது. உள்ளே காற்று போய்வர உள்ள துளையான ப்ரீதர் அடைத்துக்கொண்டிருந்தால் உள்ளே உண்டாகும் இழுப்பு, ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகலாம். அதாவது, அரை மீட்டர் தண்ணீரில் நிற்கும் வண்டியின் சீல்கள், அந்த ஆழத்துக்குரிய அழுத்தத்தைவிட மூன்று மடங்கு இழுப்பையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும். ஆயில் சீலின் உதடு உள்ளிருக்கும் ஆயிலை வெளியே விடாமல் பிடிப்பதற்காக அமைந்தது. எதிர்ப்பக்கமாக இழுத்தால் எளிதில் விட்டுக்கொடுத்துவிடும்.

ஆகவே கரையில் நிறுத்திக் காத்திருங்கள். டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் கை வைத்தால் சுடாமல் தாங்க முடிய வேண்டும். ஆழத்தை நடந்து பார்க்க அந்த நேரம் உதவும்.

நிரந்தரத் தீர்வு ப்ரீதரை உயர்த்துவது. பல வண்டிகளில் அது ஆக்சில் மேலேயே சிறு மூடியாக இருக்கும். சேறு காய்ந்தால் இறுகிவிடும். அதைக் கழற்றி, ஆயிலைத் தாங்கும் 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஹோஸ் மாட்டி, பானட்டுக்குள் ஃபயர்வாலின் உச்சிவரை கொண்டுபோய், முனையில் ஒரு சிறு ஃபில்டர் வையுங்கள். இரண்டு ஆக்சில், கியர்பாக்ஸ், முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்குக்கும் இது வேண்டும். ஆக்சில் முழுதாகக் கீழிறங்கும்போது ஹோஸ் இழுபட்டுக் கழன்றுவிடாமல் தளர்வு விடுங்கள். வழியில் எங்கும் தொய்ந்து வளையக் கூடாது. தொய்வில் ஆயிலும் ஈரமும் தேங்கினால் மறுபடி அடைப்புதான். கடைசியில் வாயால் ஊதிப் பாருங்கள், காற்று தடையின்றிப் போக வேண்டும்.

இறங்கும் முன்பே மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டுவதற்கான லோ ரேஞ்சில் முதல் அல்லது இரண்டாம் கியரைப் போட்டுவிடுங்கள். நடுவில் கிளட்சை மிதிக்கவே கூடாது. மிதித்தால் பிளேட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையே தண்ணீரும் வண்டலும் புகும். பிளேட் வழுக்கும், வண்டி நகராது. நடை வேகம் போதும். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடித் துளையில், தண்ணீர் புகாமல் அடைக்கும் வேடிங் பிளக் மாட்டும் வண்டி என்றால், தண்ணீர்ப் பகுதி முடிந்ததும் அதைக் கழற்ற மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் கசியும் ஆயில் வெளியேற வழியின்றிக் கிளட்சில் ஏறும்.

கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி சற்றுத் தூரம் ஓட்டி உலர்த்துங்கள். சுழலும் ஷாஃப்ட்களின் மூட்டுகளான யுனிவர்சல் ஜாயிண்ட்களில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள்களில் புது கிரீஸ் அடியுங்கள்; பழைய கிரீஸும் தண்ணீரும் பிதுங்கி வெளியேறும்வரை நிறுத்த வேண்டாம். உப்புத்தண்ணீர் என்றால் அன்றைக்கே அடிப்பக்கம் முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவியாக வேண்டும்.

டிஃபரன்ஷியலைச் சோதிக்க, வண்டியை இரவு முழுதும் சமதரையில் நிறுத்துங்கள். காலையில் எடுக்கும் முன் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தினால், அடியில் படிந்த தண்ணீர் முதலில் சொட்டும். ஆனால் ஆயிலோடு கடைந்து கலந்துவிட்ட தண்ணீர் அப்படிப் பிரியாது. ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரல்விட்டுப் பாருங்கள்: ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ, திறந்ததும் வழிந்தாலோ, தண்ணீர் போயிருக்கிறது. முழுதாக வடித்துப் புது ஆயில் ஊற்றி, சூடேறும் அளவு ஓட்டி, மறுபடி பாருங்கள். நிறம் மாறினால் இன்னொரு முறை மாற்றுங்கள். கியர் ஆயில் விலையைப் பார்த்து இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு மட்டும் இந்த அவகாசமே கிடையாது. உள்ளே கிளட்ச் பிளேட்டுகளின் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் இளக்கிவிடும். டிப்ஸ்டிக்கில் சிவப்பு ஆயில் வெளுத்த ரோஸ் நிறத்தில் தெரிந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், நான்கு சக்கரமும் தரையில் படாதபடி லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.