பேட்டரியை மாற்றும் முன் எர்த்தை அளந்து பாருங்கள்

பழைய பைக் வாங்கியவர்கள், செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் புது பேட்டரி போட்டுவிடுகிறார்கள். சில மாதத்தில் அதுவும் படுத்துவிடுகிறது. பல வண்டிகளில் கோளாறு பேட்டரிக்கு வெளியே இருக்கும். அதைப் பிடிக்க வோல்ட், ஓம், ஆம்பியர் மூன்றையும் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி முனைகளுக்கு இடையே 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். இறங்கிய பேட்டரியை வைத்து எதையும் சோதிக்க முடியாது. சார்ஜ் ஏறிய பின் செல்ஃப் அழுத்தும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். 10.5-க்கு மேல் நின்றும் மோட்டார் திணறினால் வயரிங்கைப் பாருங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டரை ஓமில் (மின் தடை அளவில்) வைத்து வயரை அளந்தால் பூஜ்யம் காட்டும், உடனே நல்ல வயர் என்று விட்டுவிடுவார்கள். இருபது இழையில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் அப்படித்தான் காட்டும், ஏனென்றால் அது அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. செல்ஃப் மோட்டாரோ பல பத்து ஆம்பியர் இழுக்கும். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை வண்டியின் உலோகத்தோடு இணைக்கும் எர்த் போல்ட்டில் களிம்பு பிடித்து, வெறும் 0.02 ஓம் தடை இருந்தால்கூட 60 ஆம்பியர் ஓடும்போது 1.2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 0.02 ஓமை வீட்டு மீட்டரால் நம்பகமாக அளக்க முடியாது, 1.2 வோல்ட்டை எளிதாக அளக்கலாம்.

ஆகவே சுமை ஓடும்போதே, அதாவது மோட்டார் மின்சாரம் இழுக்கும்போதே, அளக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வையுங்கள், அதைக் கவ்வும் கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையைப் பெயிண்ட் இல்லாத எஞ்சின் உலோகத்தில் வைத்து, இரண்டு நொடி செல்ஃப் அழுத்துங்கள். 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. 0.5-ஐத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பின் மேலே வாஸலின் பூசுங்கள். பாசிட்டிவ் பக்கத்திலும் இதே சோதனைதான்: பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டார் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். நடுவில் சுவிட்ச் போல மின்சாரத்தை இணைக்கும் ரிலேயின் காண்டாக்ட் தேய்ந்திருந்தால் அதுவும் இதில் தெரிந்துவிடும்.

அடுத்தது சார்ஜிங். எஞ்சினை ஏறக்குறைய 4000 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் பேட்டரியில் 13.5 முதல் 14.8 வோல்ட் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்து வீணாகும். 13-க்கு ஏறவே இல்லையென்றால், மூன்று ஃபேஸ் வண்டிகளில் ஸ்டேட்டரின் (எஞ்சினில் மின்சாரம் தயாரிக்கும் சுருளின்) கப்ளரை, அதாவது வயர் இணைப்பியை, கழற்றுங்கள். மூன்று வயரில் எந்த இரண்டுக்கு இடையிலும் தடை ஒரே அளவாக இருக்க வேண்டும், எதுவும் எஞ்சின் உடம்போடு தொடர்பு காட்டக்கூடாது. கப்ளர் கருகியிருந்தால் புது ரெகுலேட்டர் மட்டும் போட்டுப் பயனில்லை, அந்தச் சூடு மீண்டும் வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தால், சாவி அணைத்த பின்னும் ஓடும் மின்சாரக் கசிவைத் தேடுங்கள். சாவியை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு, அந்தக் கேபிளுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே தொடரில் இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃபைத் தொடாதீர்கள், மீட்டர் போய்விடும். சில மில்லி ஆம்பியர் இயல்பு. 50 மில்லி ஆம்பியர் ஓடினால் 5 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி நான்கே நாளில் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில் கசிவு. ஃபியூஸ் வழியாக வராமல் பேட்டரியிலிருந்தே நேராக இழுத்த அலாரம், மொபைல் சார்ஜர் இருந்தால் அவற்றைத் தனியாகக் கழற்றிப் பாருங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், வயர் எரியும். ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். வயர் கட்டு மடங்கி மடங்கித் தோல் உரிவது பெரும்பாலும் அந்தக் கழுத்துப் பகுதியில்தான்.