தோட்டத்து மண் யார் பெயரில்? நகராண்மைக் கழகச் சேவையும் நிலப் பாதுகாப்பும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் சாலைக்கு இந்தப் பக்கம் தாமான் (வீடமைப்புப் பகுதி) என்றால் அந்தப் பக்கம் செம்பனை. தாமான் வீட்டு வாசலில் குப்பை லாரி நிற்கும். கூப்பிடு தூரத்தில் இருக்கும் லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள், அது நுழையாது. தெருவிளக்கும் அப்படித்தான், தோட்டத்து நுழைவாயிலோடு வரிசை முடிந்துவிடும். பாரபட்சம் என்று மக்கள் கொதிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் நகராண்மைக் கழகத்துக்கு எழுதும் புகார்கள் திரும்பி வருவதற்கு முதல் காரணம், அந்த மண் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான்.

தோட்டத்து உள்சாலை தோட்ட நிறுவனத்தின் சொந்தச் சொத்து. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் பொதுச் சாலையையும் தனியார் சாலையையும் பிரித்தே பார்க்கிறது. கழகம் தன் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பது பொதுச் சாலையை. மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு தரும் பணமும் 'மாரிஸ்' என்னும் சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்குத்தான் வரும். ஆகவே தோட்டத்துச் சாலைக்குத் தார் கேட்டு மனு எழுதுவதற்கு முன், நிறுவனம் அந்தச் சாலையை அரசிடம் ஒப்படைத்துவிட்டதா, பதிவேட்டில் ஏறிவிட்டதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒப்படைக்காத சாலைக்குச் சட்டமன்ற உறுப்பினர் ஒருமுறை சிறப்பு நிதி வாங்கித் தரலாம். அடுத்த மழையில் குழி விழுந்தால் அதை மூடக் கடமைப்பட்டவர் யாரும் இருக்கமாட்டார்.

லயத்தில் குடியிருக்கும் தொழிலாளர்கள் போக வேண்டிய கதவு வேறு. 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரத்தைச் சொல்கிறது. குழாய் நீர், மின்சாரம், வீட்டைப் பழுது பார்த்து வைத்திருத்தல் எல்லாம் முதலாளியின் கடமை. புகார் செய்ய வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. கூரை ஒழுகுகிறது, கழிவுநீர் வாசலில் தேங்குகிறது என்று நகராண்மைக் கழகத்துக்கு எழுதினால், "தனியார் நிலம்" என்ற ஒரே வரி பதிலாக வரும். அதற்குள் சில மாதங்கள் ஓடியிருக்கும். ஓய்வு பெற்றும் அதே வீட்டில் இருப்பவர்களின் நிலைதான் சிக்கலானது. இந்தச் சட்டம் வேலையில் இருக்கும் தொழிலாளியையும் அவர் குடும்பத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதனால் குடும்பத்தில் யார் இன்னும் தோட்டத்தில் வேலை செய்கிறாரோ அவர் பெயரிலேயே புகார் போக வேண்டும்.

நகரத்துக்குள்ளும் எல்லாம் கழகத்தின் கையில் இல்லை. ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பெரிய சாலை கூட்டரசுச் சாலை. அதில் குழி விழுந்தால் பொதுப்பணி இலாகா. ஆறும் பெரிய வடிகாலும் வடிகால் நீர்ப்பாசன இலாகா. குழாய் நீர் என்றால் பேராக் நீர் வாரியம். தாமான் உள்சாலை, சிறு கால்வாய், சந்தை, பொதுத்திடல், புல் வெட்டு, குப்பை ஆகியவை கழகத்தின் வேலை. குப்பை விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் உண்டு. திடக்கழிவு பற்றிய 2007ஆம் ஆண்டின் 672ஆவது சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் கெடா, பெர்லிஸ், பகாங், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர் மாநிலங்களில் ஒப்பந்த நிறுவனம் குப்பை எடுக்கும், மேற்பார்வை எஸ்.டபிள்யூ.கார்ப் என்னும் மத்திய அரசு நிறுவனம். பேராக், சிலாங்கூர், பினாங்கு இதில் சேரவில்லை. கெடாவில் இருக்கும் உறவினர் சொன்ன எண்ணுக்கு அழைத்துவிட்டு, பேராக்கில் லாரிக்குக் காத்திருப்பதில் பயனில்லை.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. சுக்காய் தக்சிரான் என்னும் மதிப்பீட்டு வரி கழகத்துக்குப் போவது. சுக்காய் தானா என்னும் நிலவரி நில அலுவலகத்துக்குப் போவது. மதிப்பீட்டு வரியை ஆண்டுக்கு இரு தவணையாக, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்ட வேண்டும். வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் என்ன கிடைக்கும் என்பதே கணக்கின் அடிப்படை. மாதம் 500 வெள்ளி என்று மதிப்பிட்டால் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. விகிதம் 8 விழுக்காடு என்றால் வரி 480 வெள்ளி, தவணைக்கு 240. ஜொகூரில் மட்டும் வாடகையை விட்டுச் சொத்தின் மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். புது மதிப்பீட்டுப் பட்டியல் வரும்போது அறிவிக்கை வரும். அதில் குறித்த மறுபரிசீலனை நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பாக எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். பலர் தோற்பது எழுதும் விதத்தில்தான். "வரி அதிகம், கட்ட முடியவில்லை" என்பது சட்டத்தில் உள்ள காரணம் அல்ல. "என் வீட்டின் ஆண்டு மதிப்பு கூடுதலாகப் போடப்பட்டுள்ளது, இதே தெருவில் இதே அளவு வீடு இந்த வாடகைக்குத்தான் போகிறது" என்று எழுதி, வாடகை ஒப்பந்த நகல் இரண்டையாவது இணைத்தால்தான் அதிகாரிக்குக் குறைக்க ஓர் ஆதாரம் கிடைக்கும். வழிபாட்டு இடத்துக்கும் இடுகாட்டுக்கும் வரிவிலக்கு தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அது தானாக வராது. நிர்வாகம் விண்ணப்பிக்க வேண்டும்.

இனி நிலம். தோட்டம் விற்கப்படும்போதும் வீடமைப்புத் திட்டம் வரும்போதும் ஊர் இழப்பது திடல், கோயில், இடுகாடு, ஆற்றோரம் ஆகிய நான்கையும்தான். எழுபது ஆண்டுகளாக இருக்கிறது என்பதாலோ, பழைய மானேஜர் வாய்மொழியாகக் கொடுத்தார் என்பதாலோ, கழகம் புல் வெட்டுகிறது என்பதாலோ நிலம் பொதுநிலம் ஆகிவிடாது. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி, இன்ன பொதுக் காரியத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று மாநில அரசு கெஜட்டில் (அரசிதழில்) வெளியிட்டால்தான் ஒரு நிலம் ரிசாப் நிலம், அதாவது ஒதுக்கப்பட்ட பொதுநிலம். அதுவும் அரசு நிலத்தில்தான் முடியும். நிறுவனத்தின் கிராண்டுக்குள் (நிலப் பட்டாவுக்குள்) இருக்கும் திடலை அரசு ஒதுக்க முடியாது; முதலில் அது அரசிடம் திரும்பி வர வேண்டும்.

எனவே முதல் வேலை நிலத் தேடல். லாட் எண்ணையும் முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயரையும் தெரிந்துகொண்டு நில அலுவலகத்தில் 'சாரியான்' என்னும் நிலத் தேடல் தாளைக் கேட்க வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. கட்டணம் கட்டிய எவரும் கேட்கலாம். கையில் வரும் தாளில் உரிமையாளர் பெயரைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடக் கூடாது. நிலப் பயன்பாட்டு வகை என்ற இடத்தில் 'பெர்த்தானியான்' என்று இருந்தால் விவசாய நிலம். 'ஷாரத் ஞாத்தா' (வெளிப்படை நிபந்தனை) என்ற வரியில் ரப்பர் அல்லது செம்பனை என்று பயிரே குறிக்கப்பட்டிருக்கும். 'பங்குனான்' என்று மாறியிருந்தால், ஊருக்குத் தெரியாமலே கட்டட நிலமாக மாற்றம் நடந்து முடிந்துவிட்டது என்று பொருள். அதன் கீழே அடமானமும், கைமாற்றத்தைத் தடுக்கும் கேவியட்டும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்கவோ பிரிக்கவோ தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு சொல்கிறது. பெரிய தோட்டம் கைமாறும் பேச்சு அடிபட்டால் இந்த அனுமதி எந்த நிலையில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் கேட்பது முறை.

ஊர் கையில் இருக்கும் பலமான ஆயுதம் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' என்னும் உள்ளூர்த் திட்டம். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, நகல் திட்டத்தைப் பொதுப் பார்வைக்கு வைத்து, ஆட்சேபிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். இந்த நான்கு வாரத்தைத் தவறவிடவே கூடாது என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் இதுதான். பிற்பாடு ஒரு நிறுவனம் 'கெபெனாரான் மெரஞ்சாங்' என்னும் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் தந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்ற 21(6) பிரிவு, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துக்குத்தான் பொருந்தும். திட்டம் நடப்பில் வந்துவிட்டால் அந்த நோட்டீஸ் சட்டப்படி கட்டாயம் இல்லை. அப்படியே நோட்டீஸ் வந்தாலும் பதிவு பெற்ற நில உரிமையாளருக்குத்தான் வரும்: ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ வடிகாலோ மட்டும் இடையில் உள்ள நிலம், முட்டுச் சாலையைப் பகிர்ந்து 200 மீட்டருக்குள் இருக்கும் நிலம். லயத்தில் இருப்பவர் உரிமையாளர் அல்லர். கிராண்டு இல்லாத கோயில் நிர்வாகமும் உரிமையாளர் அல்ல. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்தவருக்கு ஒரு கடிதம்கூட வராது. உள்ளூர்த் திட்ட ஆட்சேபத்தில் அந்தத் தடை இல்லை, யாரும் எழுதலாம்.

எழுதும் முறை. கழகத்திலோ மாவட்ட அலுவலகத்திலோ வரைபடம் வைக்கப்பட்டிருக்கும். உங்கள் இடம் எந்தத் திட்டமிடல் பிளாக்கில் வருகிறது, அதன் எண் என்ன, என்ன நிறம் போட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கோயில் நிற்கும் இடத்தில் வீடமைப்பு நிறம் இருந்தால் அதுதான் ஆட்சேபம். கடிதம் மலாய் மொழியில் இருக்கட்டும். தலைப்பில் 'பந்தாஹான்' (ஆட்சேபம்) என்ற சொல், லாட் எண், பிளாக் எண் மூன்றும் வர வேண்டும். "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அதிகாரி குறித்துக்கொள்ள எதுவும் இருக்காது. "இந்த லாட்டில் வரைபடத்தில் கோடிட்ட இரண்டு ஏக்கரை வீடமைப்பிலிருந்து வழிபாட்டிடமாக மாற்றுக" என்று மாற்றாக வேண்டியதைச் சொல்ல வேண்டும். பழைய புகைப்படம், சங்கப் பதிவிலாகா சான்றிதழ், இடுகாடு என்றால் புதைத்தவர் பெயர்ப் பட்டியல் இணைக்கலாம். கடைசி வரியாக, நேரில் விளக்கம் சொல்ல விரும்புகிறோம் என்று எழுதுங்கள். அதை எழுதாதவரை விசாரணைக் குழு அழைக்காமல் விடலாம். ஒரே தாளில் முந்நூறு கையெழுத்து வாங்குவதைக் காட்டிலும் கோயில், பள்ளிப் பெற்றோர் சங்கம், இளைஞர் மன்றம் என்று தனித்தனிக் கடிதமாகப் போவது நல்லது. கொடுத்த நகலில் தேதியோடு சாப் (முத்திரை) வாங்காமல் கவுண்டரை விட்டு நகரக் கூடாது.

அடுத்த வாய்ப்பு, நிறுவனம் நிலத்தை வகைமாற்றும் நேரம். விவசாய நிலம் வீட்டு மனைகளாகும்போது தேசிய நிலச் சட்டத்தின் 124ஏ அல்லது 204டி பிரிவின் கீழ் விண்ணப்பம் போகும். சாலை, வடிகால், திடல் ஆகியவை அரசிடம் ஒப்படைக்கப்படுவது இந்தக் கட்டத்தில்தான். கோயிலையும் இடுகாட்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கழகத்துக்கும் மாவட்ட நில அலுவலகத்துக்கும் ஒரே நாளில் கடிதம் போக வேண்டும். கழகம் நிபந்தனை போட்டுவிட்டது என்று நில அலுவலகமும், நில அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று கழகமும் இருந்துவிட்டால், திடல் வரைபடத்தில் பச்சையாகவும் கிராண்டில் நிறுவனத்தின் பெயரிலும் கிடக்கும். வீடமைப்புத் திட்டத்தில் 10 விழுக்காடு திறந்த வெளி என்பது திட்டமிடல் வழிகாட்டி. அந்த 10 விழுக்காட்டில் மழைநீர்க் குளமோ மின்கம்பித் தடமோ எவ்வளவு இருக்கிறது என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். பிள்ளைகள் பந்து விளையாட அங்கே இடம் கிடைக்காது.

ஆற்றோரத்துக்கு வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் அளவு உண்டு. ஆற்றின் அகலம் 5 மீட்டருக்குக் கீழ் என்றால் இரு கரையிலும் 5 மீட்டர். 5 முதல் 10 வரை 10 மீட்டர். 10 முதல் 20 வரை 20. 20 முதல் 40 வரை 40. அதற்கு மேல் 50 மீட்டர். இந்த இடத்தில் வேலி போட்டிருந்தால் அளவு நாடாவோடு ஒரு படம் எடுத்து அனுப்புவது பக்கம் பக்கமாக எழுதுவதைவிடப் பேசும். மரத்துக்கும் காப்பு உண்டு. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்டக் கழகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பட்ட மரம், ஆபத்தான மரம் விதிவிலக்கு. திடலோரத்து ஆலமரமும் கோயில் அரசமரமும் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டியவைதான்.

கழக உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுபவர்கள்; எட்டுப் பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் இருப்பார்கள். உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. ஓட்டுப் போட முடியாது என்பதால் கேள்வியும் கேட்க முடியாது என்று ஆகிவிடாது. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, கழகம் வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, முழுக் கூட்டத்துக்குள் பொதுமக்கள் போய் உட்காரலாம். குழுக் கூட்டங்களுக்கு இந்த உரிமை இல்லை. செயலாளர் அலுவலகத்தில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். வரி செலுத்துபவர் கூட்டக் குறிப்பைக் கேட்டுப் பார்க்கலாம். கட்டணம் கட்டி நகலும் எடுக்கலாம். திட்ட அனுமதி கொடுக்கப்பட்டு 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்காத பட்சத்தில் அது காலாவதியாகும். கைவிடப்பட்ட தோட்டத் திட்டங்களில் அனுமதித் தேதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கெஜட் ஆன பிறகும் வேலை முடிவதில்லை. ரிசாப் நிலத்தை ரத்து செய்ய வேண்டுமானால் அந்த யோசனையைக் கெஜட்டில் வெளியிட்டு, ஆட்சேபம் கேட்க விசாரணை நடத்த வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தின் 64ஆவது பிரிவு சொல்கிறது. அந்த அறிவிப்பு வீட்டுக்கு வராது. கெஜட் எண், தேதி, லாட் எண், எந்த அதிகாரியின் பொறுப்பில் நிலம் இருக்கிறது என்ற நான்கு விவரங்களோடு ஒரு நகல் கோயில் நிர்வாகத்திடமும் இன்னொன்று பள்ளியிலும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த லாட்டுக்குப் புதிதாகச் சாரியான் எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள்.