இரத்தப் புற்றுநோய் விழித்திரையில் விடும் தடயங்கள்

எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் இரத்தப் புற்றுநோய், சிலருக்குக் கண்ணில்தான் முதலில் பிடிபடுகிறது. பார்வையின் நடுவில் ஏதோ மறைக்கிறது என்று வருபவரின் விழித்திரையைச் சோதித்த கண் மருத்துவர், உடனே இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பதுண்டு. உடலைக் கீறாமல் இரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்க இடம் தருவது விழித்திரை. கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அறிமுகப்படுத்தினார். 1860களிலேயே ஜெர்மானியக் கண் மருத்துவர் லீப்ரைஹ் இந்நோயாளிகளின் விழித்திரை மாற்றங்களை விவரித்துவிட்டார்.

விழித்திரையில் இரத்தக் கசிவு என்றதும், புற்றுநோய் கண்ணுக்கும் பரவிவிட்டதாகப் பலர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல, குழாய்களில் ஓடும் இரத்தம் மாறிப்போனதன் விளைவே அது. மஜ்ஜையைப் புற்றணுக்கள் அடைத்துக்கொள்வதால் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்களும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைகின்றன. ஆக்சிஜன் போதாமல் நுண்குழாய்களின் சுவர் நலிகிறது; அது கசியும்போது, மைக்ரோலிட்டருக்கு 1,50,000க்குக் குறையாமல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் வெகுவாகச் சரிந்திருப்பதால், கசிவு எளிதில் அடைபடுவதில்லை.

இக்கசிவால் தோன்றும் சிவப்புத் திட்டுகள் சிலவற்றின் நடுவில் ஒரு வெண்புள்ளி தெரியும். ரோத் புள்ளி என்று இதற்குப் பெயர். அந்த வெண்மை பெரும்பாலும் கசிவை அடைக்க முயன்ற ஃபைப்ரின் என்ற உறைபுரதமும் தட்டணுக்களும் சேர்ந்த சிறு உறைவு. சிலவேளை புற்றணுக்களின் குவியல். இதய உள்ளுறைத் தொற்றிலும் கடும் இரத்தசோகையிலும் இதே புள்ளி தோன்றும் என்பதால், இதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய இயலாது.

வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 1,00,000ஐத் தாண்டினால் சிக்கல் வேறு விதமானது. இரத்தம் தடித்து ஓட்டம் மந்தமாகிறது. சிரைகள் புடைத்து வளைகின்றன. நாட்பட்ட வகையில் விழித்திரையின் ஓரத்து நுண்குழாய்கள் அடைபட்டு, நீரிழிவில் காண்பது போன்ற எளிதில் உடையும் புதிய குழாய்கள் முளைக்கலாம்.

இக்கசிவுகளுக்குப் பெரும்பாலும் கண்ணில் தனிச் சிகிச்சை தேவையில்லை. அணுக்களின் எண்ணிக்கை சீரானால் வாரங்களிலோ மாதங்களிலோ அவை கரைகின்றன. சிகிச்சையின் விளைவாக வரும் ஸ்டீராய்டு கண்புரை, மஜ்ஜை மாற்றத்துக்குப் பிந்தைய கண் வறட்சி போன்றவை வேறு கணக்கு.

உண்மையில் அஞ்ச வேண்டியது, புற்றணுக்கள் பார்வை நரம்புக்குள் புகுவது. இரத்தத்துக்கும் நரம்புத் திசுவுக்கும் இடையிலுள்ள தடுப்பைப் பல மருந்துகள் போதிய அளவில் கடப்பதில்லை. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் கடுமையான லிம்ஃபோபிளாஸ்டிக் என்ற இரத்தப் புற்றுநோய் வகையில், இரத்த அறிக்கை சீராக இருக்கும்போதே நோய் அங்கே மீண்டும் தலைகாட்டலாம். அவசரக் கதிர்வீச்சும், தண்டுவட நீரில் செலுத்தும் மருந்தும் தேவைப்படுவதால், சிகிச்சை முடித்தவருக்குத் திடீரெனப் பார்வை மங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.