அமேசான் மழையில் கனத்த துளிகள்

"காடு இருப்பதால் மழையா, மழை இருப்பதால் காடா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டுமே உண்மைதான். ஆனால் முதல் பாதிக்குச் சான்று கிடைத்த விதம் அவ்வளவு அழகானது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கடல், ஆவி, மேகம், மழை என்ற சுழற்சி பள்ளியிலேயே படித்ததுதான். அமேசானுக்கான ஈரம் அட்லாண்டிக்கிலிருந்து கிழக்குக் காற்றில் வருகிறது. கடல்நீரில் ஏறத்தாழ 500 மூலக்கூறுகளுக்கு ஒன்றில் வழக்கமான ஆக்சிஜனுக்குப் பதில் அதன் சற்றுக் கனமான வகையான ஆக்சிஜன்-18 இருக்கும். மேகம் குளிரும்போது இந்தக் கனமானவையே முந்திக்கொண்டு மழையில் இறங்கும். ஆகவே காற்று உள்ளே போகப் போக மழைநீர் லேசாகிக்கொண்டே வர வேண்டும். பிரேசில் விஞ்ஞானி எனியாஸ் சலாட்டி குழுவினர் 1970களில் மழைநீரை ஆராய்ந்தபோது, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே அது லேசாகியிருந்தது.

காரணம் இலைகளில் இருக்கிறது. குளத்து நீர் ஆவியாகும்போது லேசானவை முதலில் கிளம்பும், கனமானவை பின்தங்கும். இலையிலும் தொடக்கத்தில் அப்படித்தான். ஆனால் இலை மிகச் சிறிய பாத்திரம். பின்தங்கியவை சேரச் சேர இலைநீரே கனத்துப்போகிறது. விரைவிலேயே வேர் உறிஞ்சிய அதே விகிதத்தில் இரண்டும் இலைத்துளை வழியே வெளியேறத் தொடங்குகின்றன. மண்ணில் விழுந்த மழையை, கனம் குறையாமல், மரம் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது! அதுவே மேற்கே இன்னொரு மழையாகிறது. அமேசான் மழையில் பாதியளவு இப்படித் திரும்பிய நீர் என்று அவர்கள் கணித்தார்கள். பிந்தைய கணிப்புகள் பல இதைவிடக் குறைவு என்றாலும், அதுவும் பெரும்பங்குதான்.

மழைநீரைச் சீசாவில் பிடித்து ஆண்டுக்கணக்கில் அளப்பது பகட்டில்லாத வேலை. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் 1961 முதல் உலகெங்கும் அதைச் செய்துவருகின்றன. உடனடிப் பயனைக் கேட்டு நிதியை அளந்து கொடுப்பவர்கள் இத்தகைய வேலையைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்பது என் நெடுநாள் கவலை.

இந்த ஈரக்காற்று ஆண்டிஸ் மலையில் தடுக்கப்பட்டுத் தெற்கே திரும்புகிறது. பிரேசிலில் இதற்குப் 'பறக்கும் ஆறுகள்' என்று பெயர். பராகுவேயும் வட அர்ஜென்டினாவும்கூட இதில் நனைகின்றன. பிரேசிலின் பாரா மாநிலத்தில் காட்டு மரங்களின் வேர்கள் 8 மீட்டருக்கும் கீழே இறங்கி, மழையில்லா மாதங்களிலும் நீரை மேலேற்றுகின்றன. காட்டை அழித்து மேய்ச்சல் புல் வளர்த்தால், வேர் அவ்வளவு ஆழம் போகாது. வறண்ட மாதங்களில் புல் காய்கிறது. நீரை ஆவியாக்குவதில் செலவாகியிருக்க வேண்டிய வெயில் தரையைச் சுடுகிறது. பெருமளவு காடழிந்த ரொண்டோனியா என்ற பிரேசில் மாநிலத்தில் மழைக்காலம் பிந்தித் தொடங்குகிறது. அருகிலுள்ள மத்தோ குரோசோவில் ஒரே மழைக்காலத்தில் முதலில் சோயா, அறுத்த கையோடு மக்காச்சோளம் என்று இரண்டு போகம் எடுக்கிறார்கள். முதல் மழை தள்ளிப்போனால் அந்த மக்காச்சோளம் முற்றுவதற்குள் வானம் வெளுத்துவிடுகிறது.