விவேகம்: தமிழில் ஒன்று, பாலியில் வேறு

பெங்களூர் அல்சூரில் இருக்கும் பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்திநகரில் உள்ள மகாபோதி சங்கம் என்ற பௌத்த மையத்துக்குப் போய்விட்டு வந்தார். கையிலிருந்த தமிழ்ச் சிறுபுத்தகத்தைக் காட்டிக் கேட்டார்: "ஏன்டா, உடம்புக்கு விவேகம், மனசுக்கு விவேகம்னு போட்டிருக்கான். உடம்புக்கு எப்படிடா மூளை வரும்?"

நியாயமான கேள்விதான். தமிழில் விவேகம் என்றால் நல்லது கெட்டது தெரிந்து நடக்கும் அறிவு. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் விவேகம் என்றால் விலகித் தனித்திருப்பது. மொழிபெயர்த்தவர் சொல்லை அப்படியே விட்டுவிட்டார். எழுத்து தமிழுக்கு வந்தது, பொருள் வரவில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. 'விச்' என்ற வடமொழி வினைக்குப் பிரித்தல், புடைத்தல் என்று பொருள். முறத்தில் அரிசியைப் போட்டுப் புடைக்கிறோமே, அதேதான். எனக்கு இப்படித் தோன்றும்: வேதாந்திகளின் கண் புடைக்கிற கையின் மேல் இருந்தது. எது மணி, எது பதர் என்று அந்தக் கைக்குத் தெரிகிறதே, அது அவர்களுக்கு விவேகம். பௌத்தர்களின் கண் பதரை விட்டு ஒதுங்கிய மணியின் மேல். தியானத்தின் முதல் நிலையில் எழும் மகிழ்ச்சியைப் பாலி நூல்கள் 'விவேகஜம்' என்கின்றன. அதாவது, விலகலில் பிறந்தது.

இதில் மூன்று வகை. ஆள்கூட்டத்தை விட்டு உடம்பு விலகினால் காய விவேகம். ஆசை, எரிச்சல், சோம்பல் முதலியவற்றை விட்டு மனம் விலகினால் சித்த விவேகம். மூன்றாவது உபதி விவேகம். பிறவிக்குக் காரணமான பற்றெல்லாம் கழன்றுபோவது, அதாவது நிர்வாணம்.

முதல் இரண்டும் சேர்ந்தே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. புத்தர் உரைகளின் பாலித் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் ஒரு கதை உண்டு. வைசாலி அருகே ஒரு காட்டில் வஜ்ஜி குலத்துப் பிக்கு ஒருவர் இருக்கிறார். ஊரில் விடிய விடியத் திருவிழா. வாத்தியச் சத்தம் காட்டுக்குள் வருகிறது. காட்டில் எறிந்த கட்டை மாதிரி தனியாகக் கிடக்கிறோமே, இப்படி ஒரு ராத்திரியில் நம்மைவிடக் கேடுகெட்டவன் உண்டா என்று அழுகிறார். அவர்மேல் இரக்கப்பட்ட வனதேவதை வந்து, நரகத்தில் இருப்பவர்கள் சொர்க்கத்துக்குப் போகிறவனைப் பார்த்து ஏங்குவதுபோல உன்னைப் பார்த்து ஏங்குபவர்கள் எத்தனையோ பேர் என்கிறது. பிக்குவின் உடம்பு காட்டில் இருந்தது. மனசு பந்தலுக்கடியில் நின்றுகொண்டிருந்தது.

அந்த அழுகைக்குப் பாலி மூலத்தில் உள்ள சொல் 'பரிதேவமானோ', புலம்பிக்கொண்டு. இங்கேதான் நம் தமிழ் குறுக்கே வருகிறது. தொல்காப்பிய உரியியல் 'புலம்பே தனிமை' என்கிறது. பழந்தமிழில் புலம்பு என்றாலே தனிமை, அதுவும் துணையைப் பிரிந்தவர் படும் தனிமை. அதனால் வரும் அழுகை பிற்பாடு அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது. இன்று ஆபீஸைப் பற்றிக் குறை சொன்னாலும் புலம்பல்தான்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்கு ராத்திரிகளில் மேளச் சத்தம் அவர் வீட்டு ஜன்னல் வழியாகத்தான் போகும். பெரியம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. "நானும் தனியாத்தான் இருக்கேன். புலம்பலையே" என்றார். சொல்லிக்கொண்டே காபிக்கு மூன்று டம்ளர் எடுத்து வைத்தார். அப்புறம் ஒன்றை எடுத்து அலமாரியில் கவிழ்த்தார்.

சரி, பாலி விவேகத்துக்குத் தமிழ் என்ன? தனிமை என்று போட்டால் பாதி புலம்பு கூடவே வந்துவிடும். ஒதுக்கம் பொருளுக்குக் கிட்டத்தில்தான் நிற்கிறது, ஆனால் ஊராரால் ஒதுக்கப்பட்டவர்களின் வலி அதில் ஒட்டியிருக்கிறது. ஏகாந்தம் இனிமையான சொல். அதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு மலைவாசஸ்தல விடுதி ஞாபகம் வரும். என் ஓட்டு தனித்திருத்தலுக்கு. தனிமை நமக்கு நேர்வது, தனித்திருத்தல் நாம் செய்வது. வள்ளலாரின் 'தனித்திரு' ஏற்கெனவே எல்லோர் காதிலும் இருப்பது கூடுதல் வசதி.

ஆனால் ஆளைத் தவிர்ப்பது என்று இதைப் புரிந்துகொண்டால் தப்பு. நல்ல நட்பு புனித வாழ்வில் பாதி என்று சீடர் ஆனந்தர் சொன்னபோது, பாதி இல்லை, முழுதும் அதுவே என்று புத்தர் திருத்தினார். மிகஜாலர் என்ற பிக்குவிடம் இன்னும் வேடிக்கையாகச் சொல்கிறார்: நடுக்காட்டில் இருந்தாலும் வேட்கை இருக்கிறவன் இரண்டாம் ஆளோடுதான் வாழ்கிறான், அந்த வேட்கைதான் இரண்டாம் ஆள். அது போய்விட்டவன் ராஜாக்களும் மந்திரிகளும் நெருக்கும் ஊரில் இருந்தாலும் தனியே வாழ்பவன். அவனுக்கு 'ஏகவிஹாரி' என்று பேர். மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலும் ஒருவர் ஏகவிஹாரியாக இருக்கலாம்.

பெரியப்பா பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, புத்தகத்தில் காய விவேகம் இருந்த இடத்தில் 'உடல் தனித்திருத்தல்' என்று எழுதினார். அடுத்ததில் 'மனம் தனித்திருத்தல்'. மூன்றாவதற்கு வந்ததும் என்னைப் பார்த்தார். 'பற்றறுதல்' என்று சொல்லிப் பார்த்தேன். "அதுல தனியா இருக்கறது எங்கடா வருது?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக்கொண்டார்.