ஆஃபர் லெட்டரில் எந்த வளாகம்?

பிரிட்டனில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டதென்று வருபவர்களிடம், ஆலோசகர் என்ற முறையில் நான் முதலில் கேட்பது பல்கலைக்கழகத்தின் தரவரிசையை அன்று. எந்த வளாகத்தில் வகுப்பு என்பதைத்தான். சென்ற ஆண்டு ஒரு மாணவர், வட இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வகப் படங்களைக் கைப்பேசியில் பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கத்தில், கட்டண விவரத்துக்குக் கீழே, ‘லண்டன் வளாகம்’ என்று ஒரு வரி இருந்தது. பட்டத்தில் அதே பெயர்தான் அச்சாகும் என்றாலும், அந்த ஆய்வகம் அவருக்குச் சில மணி நேர ரயில் பயணத் தொலைவில் இருந்திருக்கும்.

மாணவர் சேர்ந்தால் பல பல்கலைக்கழகங்கள் எங்களைப் போன்றோருக்குக் கமிஷன் தருகின்றன. ஆகவே எங்கள் சொல்லையும் அப்படியே நம்பிவிடாமல், பாடத்திட்டப் பக்கத்தை நீங்களே திறந்து, என்னென்ன பாடங்கள், மதிப்பீடு தேர்விலா கட்டுரையிலா என்று பாருங்கள்.

செலவுக் கணக்கையும் ஊரை வைத்தே போட வேண்டும். விசாவுக்காக, செலுத்த வேண்டிய முதலாண்டுக் கட்டணத்தோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள்கள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். லண்டனுக்கு அந்தத் தொகை கூடுதல். பட்டப்படிப்பு மாணவர் வகுப்புகள் நடக்கும் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பதால், பகுதிநேர வேலையிலேயே கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்ற பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். 2024 ஜனவரி முதல், ஆய்வுப் படிப்பு அல்லாத முதுநிலை மாணவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்லவும் முடியாது.

படிப்பு அங்கே வேறு விதம். வாரத்தில் வகுப்பு நேரம் குறைவு. மீதி நேரம் நூலகத்துக்கு உரியது. இங்கே தொண்ணூறு வாங்கிப் பழகியவர்கள் முதல் கட்டுரைக்கு 64 வந்ததும் இடிந்துபோய் எனக்கு அழைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் 50 தேர்ச்சி, 70 டிஸ்டிங்ஷன். 64 என்பது நல்ல மதிப்பெண்ணே. ‘நூல்கள் சொல்வதைச் சொல்லிவிட்டீர்கள், உங்கள் வாதம் எங்கே?’ என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதும் குறிப்புதான், என்னைக் கேட்டால், கட்டிய கட்டணத்துக்குக் கிடைக்கும் முதல் பலன். முதல் வாரத்தில் மாணவர் சங்கங்கள் மேசை போட்டு ஆள் சேர்க்கும். கிரிக்கெட்டோ நாடகமோ, ஒன்றிலாவது சேர்ந்துவிட்டால் அறைத் தோழர்களைத் தாண்டியும் நட்பு கிடைக்கும்.

லண்டன் வளாகம் என்று வந்திருந்த அந்த மாணவர், விசா விண்ணப்பத்துக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண்ணான ‘காஸ்’ வருவதற்கு முன்பே எழுதிக் கேட்டதால், முதன்மை வளாகத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.